தவறிய பந்து யாருக்கு

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அண்ணி பந்தைப் பிடித்து எதிரணியிடம் கொடுத்தாள்.

யாரும் பிடுங்கவில்லை. கை வழுக்கவும் இல்லை. வளையத்தில் பட்டு எகிறிய பந்தை இரண்டு கைகளாலும் அழகாகப் பிடித்தாள். தரையில் இறங்கினாள். எதிரே அவளுடைய நாத்தனார் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அண்ணி ஓரடி முன்னால் வைத்து, பந்தை அந்தக் கைகளில் பதமாக வைத்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். பிறகு எம்பிக் கூடையில் போட்டாள்.

மைதானத்தில் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"ரொம்ப நன்றி அண்ணி," என்றாள் நாத்தனார்.

அதற்கப்புறம் எல்லாரும் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. கையில் கட்டுப் போட்ட நோயாளி ஒருவர் எட்டிப் பார்த்து, விஷயம் புரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

அது ஆஸ்பத்திரி ஊழியர்களின் கூடைப்பந்து மைதானம். ஜெனரேட்டர் அறைக்கும் ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் இருந்தது. அன்றைய ஆட்டத்தில் ஒரு பக்கம் சலவைப் பிரிவு அணி, மறுபக்கம் சமையல் பிரிவு அணி. வெறும் பயிற்சி ஆட்டம்தான். ஆனால் இந்தப் பயிற்சி ஆட்டத்தை யாரும் மறக்கப்போவதில்லை என்று அண்ணிக்கு அப்போதே தெரிந்தது.

அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த பாய்லர்காரர்கூட அப்படித்தான். நாத்தனார் முன்பு சலவைப் பிரிவில் இருந்தாள். அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, கேட்டவர்களும் கூப்பிட்டு, அதுவே பெயராகிவிட்டது. பிறகு நாத்தனார் சமையல் பிரிவுக்கு மாறிப் போனாள். பெயர் மட்டும் சலவையிலேயே தங்கிவிட்டது.

பத்து வருடம் இரண்டு பேரும் ஒரே மேசையில் படுக்கை விரிப்புகள் மடித்தவர்கள். விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இரண்டாக்கி, இழுத்துப் பிடித்து, பிறகு ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் சேர்க்க வேண்டும். நடந்துபோய்ச் சேர்ப்பவள் அண்ணி. வாங்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கி, துணி தரையில் படாமல் தூக்குபவள் நாத்தனார். அவள் உயரம் அப்படி. ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணினால் வேலை ஓடாது.

அந்தக் கைகள் நீண்டால் இந்தக் கைகள் கொடுக்கும். நடுவில் பந்து இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று கைகள் விசாரிக்கவில்லை.

சலவை அணியின் தலைவி ஓடி வந்தாள். அவளேதான் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரும். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் விசிலுக்கு ஓடுகிற இயந்திரங்களின் சத்தமே அடங்கிப்போகும். அதனால் அவள் பெயர் விசில்.

"அண்ணி, அது பந்து. பெட்ஷீட் இல்ல."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன். கை குடுத்துடுச்சு."

"கை யாரோடது?"

அண்ணி தன் கைகளைப் பார்த்தாள். விசில் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மூணு வாரத்துல கப் மேட்ச். வளையத்துக்குக் கீழ எனக்கு ஒரு ஆள் வேணும். தவறுற பந்தெல்லாம் நமக்கு வரணும். அதுதான் உங்க வேலை. நீங்க ஒரு கூடைகூடப் போட வேணாம், நான் போட்டுக்கறேன். ஆனா புடிச்சத விடக் கூடாது. அதுக்குள்ள கைக்குப் புத்தி சொல்லுங்க. இல்லன்னா புதுசு இறங்கட்டும்."

புதுசு என்பவள் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண். அண்ணியைவிட ஒரு தலை உயரம். இப்போது மடிப்பு மேசையில் அண்ணிக்கு எதிரே நிற்பவளும் அவள்தான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் அடிபட்டதும் கொறிப்பதை நிறுத்தினாள்.

அண்ணி அவள் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

வீட்டில் எல்லாரும் அவளிடம் கேட்கும் வார்த்தை "குடு". சாவியைக் குடு, துண்டைக் குடு, சட்டையைக் குடு. வேலையிலும் அதேதான், கூட ஒரு "ங்க" சேரும். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் இந்த மைதானத்தில் மட்டும்தான் நாலு பேர் அவளைப் பார்த்து "எடு! எடு!" என்று கத்தினார்கள். அதைக் கேட்பதற்காகவே அவள் ஷூ வாங்கியிருந்தாள். அது போய்விட்டால் செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் அவளுக்கு வித்தியாசம் இருக்காது.

*

அன்று இரவே நாத்தனார் மேல்மாடியிலிருந்து அண்ணியின் வீட்டுக்கு இறங்கி வந்தாள். ஒரே கட்டடம்தான். கையில் காலிக் கிண்ணம்.

"அண்ணி, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா? நீங்கதான் கேட்டா குடுக்கிறவங்களாச்சே."

"உனக்கு வெக்கமே இல்லையா?"

"நான் ஏன் வெக்கப்படணும்? நான் வாங்கினவ."

அண்ணி கிண்ணத்தை நிரப்பினாள். நிரப்பிக் கொடுத்த பிறகுதான், அரைக் கிண்ணம் போதுமே என்று தோன்றியது.

நாத்தனார் போனதும் அண்ணியின் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் பஸ் ஓட்டுநர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவர். வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டு பேப்பர் படிப்பார்.

"என்ன சண்டை?"

அண்ணி நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். மூக்கு விடைத்தது. கடைசியில் இருமினார்.

"சிரிச்சுடுங்க. மூச்சு முட்டப்போகுது."

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஏதாவது செய்யணுமா?" என்றார்.

"நாளைக்கு மைதானத்துக்கு வாங்க. நீங்க கூடைக்குப் போடுங்க. நான் பிடிக்கறேன்."

"எனக்குப் போட வராதே. குப்பையக்கூடத் தொட்டிக்குள்ள போட வராதுன்னு நீதானே சொல்லுவே."

"அதனாலதான் கூப்பிடறேன்."

*

தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்ட் பழக வேண்டுமென்றால் தவற விடுகிற ஆள் வேண்டும். சலவை அணியில் எல்லாரும் ஓரளவு நன்றாகப் போட்டார்கள். பத்துக்கு ஐந்து உள்ளே போய்விடும். உள்ளே போன பந்தில் அண்ணிக்கு என்ன வேலை?

அவள் கணவர் அந்த விஷயத்தில் ஒரு பொக்கிஷம்.

சீருடைச் சட்டையோடு வந்தார். பந்தை இரண்டு கையிலும் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்புவது போல ஒரு திருப்புத் திருப்பி, வீசினார். பலகையின் மேல் விளிம்பில் பட்டது. அடுத்தது வளையத்தின் முன்புறத்தில். அதற்கடுத்தது எதிலும் படாமல் ஜெனரேட்டர் அறைக் கூரைக்குப் போனது.

"மன்னிச்சுக்கோ."

"எதுக்கு மன்னிப்பு? போடுங்க, போடுங்க!"

முதல் நாள் அவள் பந்தின் பின்னாலேயே ஓடினாள். பந்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஏழாம் பொருத்தம். மூன்றாம் நாள்தான் கவனித்தாள். இடது மூலையிலிருந்து அவர் வீசினால் பந்து பெரும்பாலும் வளையத்தைத் தாண்டி வலது பக்கம் விழுகிறது. நேர் எதிரிலிருந்து வீசினால் வீசியவரிடமே திரும்புகிறது. தாழ்வாக, வேகமாக வந்த பந்து தூரம் தெறிக்கிறது. உயரமாக, மெதுவாக வந்த பந்து வளையத்தின் மேலேயே தயங்கி, காலடியில் விழுகிறது.

அதன் பிறகு வளையத்தில் பட்டதும் ஓடவில்லை. அவர் கையை விட்டுக் கிளம்பியதுமே ஓடினாள். பந்து வந்து சேரும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி? நான் எங்க போடுவேன்னு எனக்கே தெரியாதே!"

"உங்களோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

அவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் வெயில் சரிந்து, ஆம்புலன்ஸ் கண்ணாடிகளில் பட்டு, மைதானம் முழுக்க மஞ்சளாக இருந்தது. அண்ணி மறுபடி எம்பினாள். முழங்கால் வலித்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

*

பந்து கையில் வருவது ஒரு பாதி. வந்தது நிற்பது மறுபாதி.

விசில் சொல்லியிருந்தாள். பந்து மேலே போகும்போதே எதிராளிக்கு முதுகைக் காட்டி, இடுப்பால் தள்ளி வைக்க வேண்டும். பிடித்ததும் பந்து தாடைக்குக் கீழே. முழங்கை இரண்டும் வெளியே. யார் கை நீட்டினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

தாடைக்குக் கீழே கொண்டுபோகத்தான் கை மறுத்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பழகியதை, மறுநாள் எட்டு மணி நேரம் மடிப்பு மேசை அழித்துவிட்டது. அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். மேசையிலேயே பழகிவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை, விரிப்பை உதறி இரண்டாக்கி இழுத்தார்கள். புதுசு கையை நீட்டிக் காத்திருந்தாள். அண்ணி முனைகளைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய், முழங்கைகளை விரித்து, அப்படியே நின்றாள்.

புதுசு பார்த்தாள். "அண்ணி?"

அண்ணி அசையவில்லை.

"அண்ணி, உடம்பு ஏதாவது...?"

"கேளு. நீ கேட்டுக்கிட்டே இரு. நான் குடுக்கக் கூடாது."

"அப்போ எப்படி மடிக்கிறது?"

"கொஞ்ச நேரம் கழிச்சுக் குடுக்கறேன்."

இப்படி ஒவ்வொரு விரிப்புக்கும். மேசையில் மடிக்காத துணி மலையாகக் குவிந்தது. விசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன, துணியக் கழுத்துல கட்டிக்கிட்டு நிக்கறீங்க? மூணாவது வார்டுல விரிப்பு இல்லாம படுத்திருக்காங்க."

"நீங்கதான அக்கா கைக்குப் புத்தி சொல்லச் சொன்னீங்க."

விசில் துணிக் குவியலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். ஒரு பக்கம் மேற்பார்வையாளர், மறுபக்கம் அணித்தலைவி. இரண்டு பேரும் அவளுக்குள்ளேயே கொஞ்ச நேரம் வாதாடினார்கள்.

"தலையணை உறைக்குப் போங்க," என்றாள் கடைசியில். "அதுக்கு ஒரு ஆள் போதும். கப் முடியிற வரைக்கும்."

முதுகு காட்டுவதும் சிரமமாகத்தான் இருந்தது. அண்ணி ஆளைப் பார்த்துப் பேசுகிறவள். யாராவது வந்தால் திரும்பி, முகம் கொடுத்து, நகர்ந்து இடம் விடுகிறவள். பின்பக்கத்தால் ஒருவரை இடித்து நிறுத்துவது அவளுக்கு வாயில் வராத வசவைச் சொல்வது மாதிரி இருந்தது. தேநீர் இடைவேளையில் புதுசு ஈரத்துணி வண்டியை அவள் மேல் தள்ளிக்கொண்டு வருவாள். அண்ணி முதுகால் தாங்கிப் பின்னுக்குத் தள்ளுவாள். வண்டியிடம் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

"மன்னிச்சுக்கோ," என்று முதல் நாள் வண்டியிடம் சொல்லிவிட்டாள்.

புதுசு வண்டிக்குள்ளேயே சாய்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துச் சொன்னாள்: "அண்ணி, நல்லாப் பழகுங்க. நீங்க சரியாயிட்டீங்கன்னா நான் ஓட வேணாம். எனக்கு உயரம்தான் இருக்கு, மூச்சு இல்ல. இத விசில் அக்காகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

*

இரண்டாவது வாரம் ஒரு விபரீதம் நடந்தது. கணவர் வீசிய பந்து உள்ளே விழுந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வலையைப் பார்த்தார்கள்.

"போச்சே!" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

"சரி சரி. அடுத்தது."

அடுத்ததும் உள்ளே. அதற்கடுத்தது வளையத்தில் சுற்றி, யோசித்து, உள்ளே. அவர் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடினார். அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க. உள்ள போட்டா நான் என்ன பிடிக்கறது?"

"நான் என்ன பண்ண? கை பழகிடுச்சு."

"என்னோட சாயங்காலம் ஒரு மணி நேரம் போடறதுல இவ்வளவு பழகுமா?"

அவர் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. குனிந்தபோது சட்டையின் முதுகுப்பக்கம் தெரிந்தது. நடுமுதுகில் வெள்ளையாக ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாக. கோதுமை மாவு.

அந்த விரல்களின் நீளம் அவளுக்குத் தெரியும்.

"உங்க தங்கச்சி முதுகுல தட்டிக் குடுத்தாளா?"

அவர் குனிந்தபடியே சொன்னார்.

"காலையில பத்துலேருந்து மூணு வரைக்கும் எனக்கு வண்டி இல்லையில்லையா. அவளுக்கும் காலை சமையல் முடிஞ்சுடுது. கூப்பிட்டா. அண்ணா, அண்ணிக்கு மட்டும்தான் போடுவியா, எனக்குப் போட மாட்டியான்னு கேட்டா. என்ன சொல்றது?"

"என்னிக்குலேருந்து?"

"சர்க்கரை வாங்க வந்தாளே, அதுக்கு ரெண்டாம் நாள்."

அண்ணிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் பாதி வழியில், இந்த மனிதர் காலையிலும் மாலையிலும் சீருடையோடு நின்று இரண்டு பெண்களுக்காகப் பந்தைத் தவற விட்டுத் தவற விட்டுக் கடைசியில் குறி பழகிப்போன காட்சி கண்ணில் வந்தது. கோபம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"அவ எப்படிப் பிடிக்கறா? எந்தப் பக்கம் சாயறா?"

"அத மட்டும் கேக்காதே. உன்னப் பத்தி அவகிட்ட சொல்லல. அவளப் பத்தி உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

"சரியான கல்லுளிமங்கன்."

"ரெண்டு பக்கமும் உதை வாங்காம இருக்கணுமில்ல."

வேண்டுமென்றே தவற விடச் சொல்லிப் பார்த்தாள். அது வேலைக்காகவில்லை. வேண்டுமென்று விடும்போது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தோள் முதலில் சாயும், பந்து பின்னால் வரும். அப்படி வருகிற பந்தைப் பிடிக்கப் பயிற்சி எதற்கு?

அவர்தான் யோசித்துப் பந்தை இடது கைக்கு மாற்றினார்.

"இந்தக் கை இன்னும் ஒண்ணும் கத்துக்கல."

இடது கை வீச்சு ஓர் அதிசயம். பந்து புறப்படும்போதே சுழன்றது. பலகையின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தது. வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கி, தாவி, எதிர்பாராத பக்கம் குதித்தது. அண்ணி விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பிடித்துத் தாடைக்குக் கீழே கொண்டுவந்தாள்.

"வலது கை தங்கச்சிக்கு, இடது கை உனக்கு," என்றார். "சம்மதமா?"

"சம்மதம். அவகிட்ட சொல்லிடாதீங்க, எனக்குத்தான் நல்ல கை கிடைச்சிருக்குன்னு."

*

கப் ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் நின்றார்கள். சக்கர நாற்காலிகள் முன்வரிசையில். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான் நடுவர். கணவர் சரியாக நடுக்கோட்டில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஓர் அங்குலம் இல்லை, அந்தப் பக்கம் ஓர் அங்குலம் இல்லை.

விசில் அண்ணியை நிறுத்தி வைத்துச் சொன்னாள். "நீங்கதான் இறங்கறீங்க. ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவங்க கையில குடுத்தீங்கன்னா, அந்த நிமிஷமே வெளிய. அப்புறம் புதுசுதான். இந்த மேட்ச்சுக்கு மட்டும் இல்ல."

"சரி அக்கா."

வளையத்தின் கீழே நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். வியர்க்க ஆரம்பிக்கும் முன்பே அவள்மேல் வெங்காய வாசனை.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"சாப்பிட்டேன். நீ?"

"இப்பதான். கண்ணுல என்ன பயம்?"

"உன்னப் பாத்தா எனக்கென்ன பயம்."

முதல் பந்து மேலே போனது. தாழ்வாக, வேகமாக. தூரம் தெறிக்கும். அண்ணி திரும்பினாள். நாத்தனாரின் தொடையை அவள் இடுப்பு உணர்ந்தது. ஈரத்துணி வண்டி. தள்ளினாள்.

"என்ன அண்ணி, முதுகக் காட்டறீங்க? வீட்டுல சொல்லட்டுமா?"

"சொல்லு. வீடு அங்கதான் உக்காந்திருக்கு."

பந்து தெறித்து அவளிடமே வந்தது. பிடித்தாள். தாடைக்குக் கீழே. முழங்கை வெளியே. யாரையும் பார்க்கவில்லை. விசிலுக்கு அனுப்பினாள். விசில் ஓடிப்போய் எதிர்க்கூடையில் போட்டாள்.

அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்றை நாத்தனார் தலைக்கு மேலாக எடுத்துக்கொண்டாள். உயரத்துக்கு என்ன செய்வது? அடுத்ததை அண்ணி எடுத்தாள். "எடு! எடு!" என்று அவள் அணி கத்தியது. ஒவ்வொரு தடவையும் அவள் காது குளிர்ந்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு அது நடந்தது. அண்ணி பந்தைப் பிடித்து இறங்கிய வேகத்தில் அரைவட்டம் சுழன்றுவிட்டாள். முகத்துக்கு நேரே நாத்தனார். இரண்டு கையும் நீட்டியபடி.

"முனை, அண்ணி!" என்றாள்.

மடிப்பு மேசையில் இரண்டு பேரும் பத்து வருடம் சொல்லிக்கொண்ட வார்த்தை. வேறு யாருக்கும் அது கேட்டுக்கூட இருக்காது. அண்ணியின் கால் ஓரடி முன்னால் வைத்தது. கைகள் தாடையிலிருந்து இறங்கின. பந்து முன்னால் போனது.

கோட்டுக்கு வெளியே புதுசு எழுந்து நின்று அலறினாள். "குடுத்துடாதீங்க அண்ணி! நான் இப்பதான் சாப்பிட்டேன்!"

பந்து நாத்தனாரின் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அண்ணி நிறுத்தினாளா, கை தானாக நின்றதா, அவளுக்கே தெரியாது. ஆனால் நாத்தனாரின் கைகளுக்குப் பந்து வந்துவிட்டது. வராத பந்தை அவை வாங்கிக்கொண்டன. விரல்கள் மூடின. அவள் வழக்கம் போல ஓரடி பின்னால் போய், கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள். துணி தரையில் படாமல்.

வெறும் கைகளோடு அப்படியே நின்றாள்.

அண்ணி பந்தைத் தாடைக்குக் கொண்டுபோனாள். நாத்தனார் பின்வாங்கிய இடம் வாசல் மாதிரி திறந்து கிடந்தது. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு அந்த வழியாக நடந்தே போனாள். ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆளை மாற்றப் பாதி தூக்கிய கையை விசில் கீழே இறக்கினாள்.

"அண்ணி!" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். "இது அநியாயம்!" ஆனால் கத்தும்போதே சிரிப்பு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நடுக்கோட்டில் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

கடைசி நிமிடத்தில் சமையல் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. விசில் தூரத்திலிருந்து வீசினாள். தவறியது. அண்ணி பிடித்தாள்.

"போடு! போடு!"

அவளுக்குப் போட வராது. ஆனால் வளையம் தலைக்கு மேலேயே இருந்தது. எம்பிப் போட்டாள். தவறியது. தன் பந்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே கைதான் போலிருக்கிறது. பிடித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி தவறியது. நாத்தனார் ஒரு பக்கமும் சமையல் அணியின் பாத்திரம் கழுவுகிறவள் மறுபக்கமும் இடிக்க, நடுவில் முதுகை அகலமாக்கி நின்று மறுபடி பிடித்தாள். சக்கர நாற்காலிக்காரர்கள் கைப்பிடியில் தட்டினார்கள்.

"விடாதே!" என்று கணவர் எழுந்து நின்று கத்தினார். யாருக்கு என்று சொல்லவில்லை.

மூன்றாவது தடவை அவள் போடவில்லை. பந்தைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அவசரமே படவில்லை. நிறையக் கைகள் நீண்டிருந்தன. அதில் விசிலின் கைகளைத் தேடிப் பிடித்து, அங்கே கொடுத்தாள்.

விசில் போட்டாள். வலை ஒரு தடவை பின்னோக்கிச் சுருண்டு தொங்கியது. நடுவர் ஊதினார்.

*

எல்லாம் அடங்கிய பிறகு அண்ணி ஜெனரேட்டர் அறைச் சுவரோரம் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

விசில் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தாள்.

"செவ்வாய்க்கிழமை சீக்கிரம் வந்துடுங்க," என்றாள். "புதுசுக்கு முதுகு காட்டறது எப்படின்னு நீங்கதான் சொல்லணும். அது ஓடாது, நின்ன இடத்துல நிக்கவாவது செய்யட்டும்."

"வந்துடறேன் அக்கா."

கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார். இரண்டு கையிலும் இரண்டு துண்டு. ஒன்றை அண்ணியிடம் நீட்டினார். மற்றதைப் பின்னால் வந்த தங்கையிடம்.

நாத்தனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். மூச்சு இன்னும் சீராகவில்லை. சமையல் அணியினர் எட்ட நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட தலைமைச் சமையல்காரர் அவளைப் பார்த்து, சீக்கிரம் கேள் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

விசிலின் பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அண்ணி," என்றாள் நாத்தனார், விசிலுக்கும் நன்றாகக் கேட்கும்படி. "எங்க கிச்சன்ல காய் நறுக்குற இடத்துக்கு ஒரு ஆள் வேணுமாம். அங்க மடிக்கிறதுக்கு ஒரு துணிகூடக் கிடையாது. எங்க டீமுக்கு வந்துடறீங்களா?"